ஆட்டோபைலட் என்று சொல்லி விற்ற கார்: 14 மாதம், 19,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

ஷோரூமில் அந்தத் தம்பி சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சார், டாப் மாடல் எடுத்தீங்கன்னா ஆட்டோபைலட் வந்துடும். ஹைவேல போட்டு விட்டுட்டா வண்டி அது பாட்டுக்குப் போகும், நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்." நடு மாடலுக்கும் டாப் மாடலுக்கும் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலேயே வித்தியாசம். மகள் சென்னையில் படிக்கிறாள், நாங்கள் திருச்சியில் இருக்கிறோம், மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்த 330 கிலோமீட்டரைப் போய்த் திரும்ப வேண்டும், எனக்கு வலது முழங்காலில் வலி வேறு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கூடுதல் பணத்தைக் கட்டினேன். அதனால் இந்த விமர்சனம் அந்த வசதியைப் பற்றியது, அதே அளவுக்கு அந்த வார்த்தையைப் பற்றியதும்கூட. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் பல கார்களில் இதே ஏற்பாடுதான்: முன் பம்பரில் ஒரு ரேடார், முன் கண்ணாடிக்கு உள்ளே மேலே ஒரு கேமரா. நான் சொல்வதில் பெரும்பகுதி அந்த வண்டிகளுக்கும் பொருந்தும்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று இரவே கையேட்டை எடுத்துவைத்துப் படித்தேன். ஆட்டோபைலட் என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. ஏடாஸ் என்று இருந்தது, அதாவது ஓட்டுகிறவருக்கு உதவும் ஏற்பாடுகளின் சுருக்கப் பெயர், லெவல் 2 என்று இருந்தது. கார் எவ்வளவு வேலையைத் தானே செய்கிறது என்பதை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2 என்றால் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் வண்டி கவனித்துக்கொள்ளும், ஆனால் சாலையைப் பார்க்கிற பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருடையது. 3-ஆம் படியில்தான், அதுவும் சில சூழ்நிலைகளில் மட்டும், வண்டி அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. இந்தியாவில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் ஷோரூமில் காட்டுவதெல்லாம் இரண்டாம் படிதான். "சும்மா உக்காந்திருந்தா போதும்" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது. சமயபுரம் டோல் தாண்டியதும் ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தி 90 வைத்துவிடுவேன். முன்னால் லாரி வந்தால் தானே வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டுப் போகிறது, லாரி விலகினால் மறுபடி 90. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு தெளிவாக இருந்தால் நடுவிலேயே பிடித்துக்கொண்டு போகிறது, ஸ்டியரிங் கைக்குள்ளேயே லேசாக அசைவது தெரியும். பாடாலூர், பெரம்பலூர் தாண்டித் தொழுதூர் வரை காலுக்கு வேலையே இல்லை. முன்பெல்லாம் விக்கிரவாண்டியில் காபிக்கு இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன், இப்போது அது இல்லை.

இன்னும் பெரிய உதவி ஜிஎஸ்டி ரோட்டில்தான். பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு போக எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. முன் வண்டி நின்றால் நிற்கிறது, நகர்ந்தால் நகர்கிறது, நின்று சில நொடிகளுக்கு மேலாகிவிட்டால் மட்டும் நாம் ஒருமுறை பொத்தானைத் தட்ட வேண்டும். அந்த இரண்டரை மணி நேரத்துக்கே கொடுத்த காசில் பாதி கழிந்துவிட்டது என்று சொல்வேன். ஒரே தொல்லை, இடைவெளியைக் குறைந்த அளவில் வைத்தாலும் அதற்குள் ஒரு பைக் நுழைந்துவிடும், வண்டி உடனே பிரேக் போடும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடுத்த நிமிஷம் இன்னொரு பைக்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கே நிறைய விளங்கியது. 1914 ஜூன் மாதம், பாரிஸுக்குப் பக்கத்தில் சேன் ஆற்றின் மேலே விமானப் பாதுகாப்புக்கென்று ஒரு போட்டி நடத்தினார்கள். லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர் தன் விமானத்தில் வேகமாகச் சுழலும் ஜைரோஸ்கோப் சக்கரங்களைப் பொருத்தி, விமானம் சாய்ந்தால் அதுவே நிமிர்த்திக்கொள்ளும்படி செய்திருந்தார். நடுவர்கள் கீழே நின்று பார்க்க, அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே பறந்தார், அவருடைய மெக்கானிக் எழுந்து இறக்கையின் மேலேயே நடந்து போனார், விமானம் சாயவில்லை. போட்டியில் ஸ்பெர்ரிதான் ஜெயித்தார். கவனியுங்கள், கையைத் தூக்கினாரே தவிர அவர் இருக்கையில்தான் இருந்தார், கண் வெளியேதான் இருந்தது. இன்றைய பெரிய விமானங்களிலும் அப்படித்தான். எந்த உயரம், எந்தத் திசை, எந்த வேகம் என்று விமானிதான் சொல்கிறார், ஆட்டோபைலட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓடுபாதையிலிருந்து எழும்பும்போது பெரும்பாலும் விமானியின் கைதான் ஓட்டுகிறது. கருவிகளுக்குக் குழப்பம் வந்தால் ஆட்டோபைலட் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் தானே விலகிவிடும். 2009-இல் அட்லாண்டிக் கடலில் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தில் அதுதான் ஆரம்பம். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது, ஆட்டோபைலட் விலகியது, விமானம் திடீரென்று விமானிகளின் கையில் வந்து விழுந்தது, நடப்பது என்ன என்று புரிவதற்குள் சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

காரில் இந்த வார்த்தை நேற்று வந்தது என்று நினைத்திருந்தேன், அதுவும் தவறு. ஐந்து வயதில் கண்பார்வை இழந்து, அப்புறம் இன்ஜினியராகி, ஒரு கம்பெனியையே நடத்திய ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கர்தான் குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர். அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே கார் ஓட்டும்போது வேகம் கூடுவதும் குறைவதுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டதாம், அதில் எரிச்சலாகித்தான் யோசிக்க ஆரம்பித்தார் என்பார்கள். 1958-இல் க்ரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் அதை வைத்தபோது கொடுத்த பெயரே ஆட்டோபைலட்தான். வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும் ஒரு கருவி அது. ஸ்டியரிங்கைத் தொடாது, முன்னால் வண்டி இருப்பதே அதற்குத் தெரியாது. அப்போதே பெயர் வேலையை விடப் பெரிதாக இருந்திருக்கிறது.

என் மச்சான் தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். லீவில் வந்திருந்தபோது வண்டியைக் காட்டி ஷோரூமில் சொன்னதையும் சொன்னேன். அவர் உடனே, "அத்தான், எங்க கப்பல்லயும் ஆட்டோபைலட் இருக்கு, நடுக்கடல்ல நாள் கணக்கா அதுலதான் போவோம். ஆனா பிரிட்ஜ்ல, அதான் கப்பலை ஓட்டுற மேல் அறையில, ஆள் இல்லாம ஒரு நிமிஷம் போக முடியாது, துறைமுகம் நெருங்கினா ஹேண்ட் ஸ்டியரிங்குக்கு மாத்திடுவோம்" என்றார். 1972-இல் வகுத்த கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதியே அதுதான், எந்தக் கப்பலும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆட்டோபைலட் போட்டிருந்தால் வேண்டாம் என்று அதில் எந்த விலக்கும் இல்லை. அதாவது இந்தச் சொல்லை வருஷக்கணக்காகத் தொழிலில் புழங்குகிறவர்களுக்கு ஆட்டோபைலட் என்றால் கைக்கு ஓய்வு, கண்ணுக்கு வேலை.

ஆனால் எங்கள் வீட்டில் இந்த வார்த்தை முதலில் புழங்கியது நேர் எதிரான அர்த்தத்தில். பரீட்சை வாரத்தில் மகளுக்குப் போன் செய்தால் "ஆட்டோபைலட்ல ஓடிட்டிருக்கேன்பா" என்பாள். எழுந்திருப்பாள், குளிப்பாள், சாப்பிடுவாள், காலேஜ் போவாள், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது. எனக்கும் அது உண்டு. ஆபீஸிலிருந்து தில்லைநகர் வீட்டுக்கு 20 வருஷமாக ஒரே வழி, கேட்டைத் திறக்கும்போதுதான் வந்து சேர்ந்ததே உறைக்கும், எந்த சிக்னலில் நின்றேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. இந்த இங்கிலீஷ் சொல் வருவதற்கு முன்னால் நாம் "கால் தானா கொண்டுவந்து விட்டுடுச்சு", "கை பாட்டுக்குச் செய்யுது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். என் தாத்தா லால்குடிப் பக்கத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, திரும்பும்போது வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுத்துத் தூங்கிவிடுவாராம். விடியற்காலை மாடுகள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அது நடந்தது, ஏனென்றால் மாட்டுக்குக் கண் இருந்தது, உயிர்ப்பயம் இருந்தது, பள்ளத்தைப் பார்த்தால் நின்றுவிடும்.

இந்த இரண்டு அர்த்தமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் போன மே மாதம் பார்த்தேன். சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், இரவு பதினொன்றரை, மனைவி பக்கத்தில் தூங்கிவிட்டாள். செங்குறிச்சி டோலில் ஃபாஸ்டாக் அடித்தது நினைவிருக்கிறது, தாண்டியதும் 90 வைத்தது நினைவிருக்கிறது. முன்னால் ஒரு ஆம்னி பஸ் 75-இல் போய்க்கொண்டிருந்தது, என் வண்டி அதன் பின்னாலேயே இடைவெளி விட்டுப் போனது. வேப்பூருக்குப் பக்கத்தில் அந்த பஸ் சட்டென்று வலது பக்கம் விலகியது. முன்னால் வழி காலியாகிவிட்டது என்று என் வண்டி எடுத்துக்கொண்டது, வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தது. காலியாகவில்லை. டயர் வெடித்த லாரி ஒன்று இடது லேனிலேயே நின்றுகொண்டிருந்தது, பின்விளக்கு எரியவில்லை, எச்சரிக்கைக்கு ஒரு வேப்பங்கிளையும் இரண்டு கல்லும் வைத்திருந்தார்கள். 90 என்றால் நொடிக்கு 25 மீட்டர். என் கால் தானாக பிரேக்குக்குப் போனது, முழு பலத்தில் மிதித்தேன், வண்டி கிளையின் மேல் ஏறி லாரிக்கு ஒரு ஆள் நீளம் விட்டு நின்றது. திரையில் சிவப்பு எச்சரிக்கை நான் மிதித்த பிறகுதான் வந்தது. மனைவி எழுந்து என்ன என்று கேட்டாள், எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் கையேட்டைத் திறந்தால் அது எழுதியே இருக்கிறது: வேகமாகப் போகும்போது நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைக் கண்டுகொள்ளாமல் போகலாம். காரணமும் படித்துத் தெரிந்துகொண்டேன். பாலம், பெயர்ப்பலகை, இரும்புத் தடுப்பு என்று சாலையில் அசையாத பொருள் எல்லாவற்றிலிருந்தும் ரேடாருக்குப் பிரதிபலிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டியே ஓட்ட முடியாது, அதனால் அசையாததைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படிதான் இந்த மாதிரி ஏற்பாடுகளை அமைக்கிறார்கள். நம் ஹைவேயில் ராத்திரி ஓட்டுகிற யாருக்கும் தெரியும், நம்முடைய பெரிய பயமே விளக்கில்லாமல் நிற்கும் லாரிதான். அதே இடத்தில் இது குருடு.

இதை விட என்னைக் கலங்க வைத்தது வேறு. டோலிலிருந்து அந்த லாரி வரை வந்த வழி எனக்கு நினைவில் இல்லை. கால் மணி நேரம். என் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது, கையை எடுத்தால் சில நொடிகளில் சத்தம் போடும், அதனால் கை பழக்கத்தில் அங்கேயே இருந்தது. என் வண்டி கையைத்தான் கேட்கிறது, கண்ணைக் கேட்பதில்லை. வண்டி அதன் அர்த்தத்தில் ஆட்டோபைலட்டில் போக, நான் என் மகள் சொல்லும் அர்த்தத்தில் ஆட்டோபைலட்டில் போயிருக்கிறேன். இரண்டு பேரில் ஒருவருமே சாலையைப் பார்க்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. டெஸ்லா கம்பெனி தன் காரில் இதே மாதிரி வசதிக்கு ஆட்டோபைலட் என்றே பெயர் வைத்து 2015-இல் கொடுத்தது. 2016 மே மாதம் ஃபுளோரிடாவில் வில்லிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், அதைப் போட்டுவிட்டுப் போன ஒருவர் குறுக்கே திரும்பிய டிரெய்லர் லாரியில் மோதி இறந்தார். பளிச்சென்ற வானத்துக்கு முன்னால் வெள்ளை நிற டிரெய்லர், வண்டியும் பிரேக் போடவில்லை, அவரும் போடவில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேல் டெஸ்லா கார்களைத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்ததும் இதே விஷயத்துக்காகத்தான். ஓட்டுகிறவர் கவனத்தோடு இருக்கிறாரா என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு போதவில்லை என்பது குற்றச்சாட்டு, மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். பெயர் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு நாம் வைக்கும் பெயர்தான் அதை நம்பிக் கண்ணை எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லிக்கொடுக்கிறது.

தமிழில் தானியங்கி என்று சொன்னால் குழப்பம் இன்னும் கூடுகிறது என்பது என் எண்ணம். ஏடிஎம்மைத் தானியங்கிப் பண இயந்திரம் என்கிறோம், உள்ளே ஆள் உட்கார வேண்டியதில்லை. அதே சொல்லைக் காருக்குப் போட்டால் இங்கேயும் ஆள் வேண்டாம் என்றுதானே மனசு எடுத்துக்கொள்ளும்? எங்கள் ஊர் உறையூரைச் சேர்ந்த முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் "வலவன் ஏவா வான ஊர்தி" என்கிறார், அதாவது ஓட்டுகிறவன் செலுத்தாமல் தானே போகும் வான வண்டி. புகழோடு வாழ்ந்து முடித்தவர்கள் விண்ணுலகம் போவதற்கான வண்டி அது. ஆளில்லாமல் போவதற்கு அவ்வளவு தெளிவான சொல் நம்மிடம் இருக்கிறது. ஆட்டோபைலட் அது இல்லை, இங்கே வலவன் உட்கார்ந்திருக்கிறான், உட்கார்ந்தே ஆக வேண்டும். ஷோரூமில் "கூட ஓட்டும் உதவி" என்று சொல்லியிருந்தால்கூட நான் வாங்கியிருப்பேன், வேறு மாதிரி ஓட்டியிருப்பேன்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழுப்புரம் பைபாஸ் வளைவில் பக்கத்து லேனில் போகும் வண்டியை முன்னால் இருப்பதாக நினைத்து இரண்டு தடவை காரணமே இல்லாமல் பிரேக் போட்டது. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் பின்னால் இதை நம்பிப் போகவே கூடாது, கரும்பு பின்னால் ஆறேழு அடி நீட்டிக்கொண்டிருக்கும், வண்டி டிரெய்லரின் அடிப்பகுதியைத்தான் கணக்கில் எடுக்கிறது. மேம்பால வேலை நடக்கும் இடங்களில் பழைய கோடும் புதிய கோடும் சேர்ந்து கிடந்தால் ஸ்டியரிங் தப்பான பக்கம் இழுக்கும், கை உறுதியாக இருக்க வேண்டும். எதிர்த் திசையில் ஓரமாக வரும் பைக், சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும் ஆடு, சமயபுரத்துக்கு இரவில் வரிசையாக நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள், இவர்கள் விஷயத்தில் நான் ஒருநாளும் சோதித்துப் பார்க்கத் தயாரில்லை. அவர்களைப் பார்த்தாலே அணைத்துவிடுகிறேன். கனமழையில் அதுவே அணைந்துவிடுகிறது, அது நியாயம்தான்.

சர்வீஸ் பற்றியும் ஒன்று. லாரியிலிருந்து கல் தெறித்து முன் கண்ணாடி விரிசல் விட்டது, இன்சூரன்ஸில் மாற்றினார்கள். கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதைச் செய்யாமலே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். திரையில் எச்சரிக்கை எரிந்தது, கேட்டால் அதற்கான கருவி வேறு ஊர் கிளையில் இருக்கிறது என்றார்கள், பதினோரு நாள் ஆனது. கண்ணாடியோ பம்பரோ மாற்றும்போது வண்டியை எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டு, செய்ததற்கான தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், மாதத்துக்கு இரண்டு தடவையாவது நாலுவழிச் சாலையில் நீண்ட தூரம் போகிறவர் என்றால் வாங்குங்கள், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் என்றால் அந்த இரண்டு லட்சம் வீண். டெஸ்ட் டிரைவைப் பகலில் காலி ரோட்டில் காட்டுவார்கள், அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருட்டும் நேரத்தில் லாரி ஓடும் சாலையில் ஒரு பத்து கிலோமீட்டர் கேளுங்கள்.

அந்த லாரிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பொத்தான் போட்டிருக்கும்போது மனைவி எப்போது வேண்டுமானாலும் "முன்னாடி போறது என்ன வண்டி, என்ன கலர்?" என்று கேட்பாள். நான் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் ஆகாது, கேட்ட உடனே சொல்ல வேண்டும். போன வாரம் மேல்மருவத்தூருக்கு முன்னால் கேட்டாள், எனக்கு ஒரு நொடி தேவைப்பட்டது. பொத்தானை அணைத்துவிட்டு நானே ஓட்டினேன், அச்சிறுப்பாக்கத்தில் நிறுத்தி டீ குடித்து, முகம் கழுவி, ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். திண்டிவனம் தாண்டியதும் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். பச்சை நிற வேன், பின்கதவில் அய்யனார் படம் என்று உடனே சொன்னாள்.